கொடைக்கானல் இ-பாஸ்ல இன்னும் நாலு வரி சேருங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

எங்க மாமனார் காலத்துல இருந்து வீட்டுல உங்க பேப்பர்தான் வாங்குறோம், ஆனா நான் லெட்டர் எழுதுறது இதுதான் முதல் தடவை. மே மாசம் பூரா கொடைக்கானல்ல கூட்டம், பெருமாள்மலை வரைக்கும் வண்டி நிக்குது, இ-பாஸ் (மலைக்கு வண்டியில போக ஆன்லைன்ல எடுக்கற அனுமதி) இல்லாத காரைத் திருப்பி அனுப்பிட்டாங்கன்னு தினமும் ஒரு செய்தி போட்டீங்க, எல்லாத்தையும் படிச்சேன். எல்லாமே மேல ஏறுறதைப் பத்தின செய்தி. கீழ இறங்குறதைப் பத்தி யாரும் ஒரு வரி எழுதல, சொல்லல. எங்க குடும்பத்துல ஏழு பேரும் இன்னைக்கு வீட்டுல உக்காந்து சாப்பிடுறோம்னா அது பூண்டு மூட்டை ஏத்திட்டு வந்த ஒரு வேன்காரரால, அதனாலதான் இதை எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருந்தாலும் முழுசாப் போடுங்க.

நாங்க அருப்புக்கோட்டை. என் வீட்டுக்காரர், நான், மாமியார், பிளஸ் ஒன் முடிச்ச பையன், ஏழாவது போற பொண்ணு, நாத்தனாரு, அவங்க மக, மொத்தம் ஏழு பேரு. ஏழு சீட்டு வண்டி, டீசல், வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. ரெண்டு நாள் லீவு போட்டு கிளம்புனோம். இ-பாஸ் எடுக்கறது ஒண்ணும் கஷ்டமில்ல, போன்லயே பையன் எடுத்துட்டான். வண்டி நம்பர் கேட்டுச்சு, எத்தனை பேரு, எந்த ஊரு, என்னைக்கு வர்றீங்க, என்னைக்குத் திரும்புறீங்க, எங்க தங்குறீங்க, என்ன எரிபொருள், எல்லாம் கேட்டுச்சு. 2024 மே 7-ல இருந்து ஐகோர்ட் சொல்லி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது வந்துச்சு, 2025 ஏப்ரல்ல இருந்து கொடைக்கானலுக்கு சாதா நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறுல 6,000 வண்டின்னு கணக்கும் வச்சாங்க. நல்ல விஷயம்தான், மலை தாங்க வேணாமா. வெள்ளி நீர்வீழ்ச்சி பக்கத்துல செக்போஸ்ட்ல பாஸைப் பாத்தாங்க, சின்ன பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் இருக்கான்னு சீட்டுக்கு அடியில எல்லாம் குனிஞ்சு பாத்தாங்க, அதுவும் சரிதான். இவ்வளவு பாத்தவங்க, கேட்டவங்க, சார் நீங்க இதுக்கு முன்னால மலையில ஓட்டியிருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேக்கல.

ஓட்டுனதே இல்ல. அதுதான் உண்மை. என் வீட்டுக்காரர் 20 வருஷமா வண்டி ஓட்டுறாரு, சென்னைக்கு எத்தனையோ தடவை போயிருக்காரு, திருச்செந்தூர், ராமேஸ்வரம், வேளாங்கண்ணி எல்லாம் போயாச்சு, எல்லாம் தரையில. டிரைவிங் ஸ்கூல்ல எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் எடுத்தாரு, அங்க மலையைப் பத்தி யாரு சொல்லிக் குடுத்தா? எங்க தெருவுல கார் வச்சிருக்கற அத்தனை பேரும் இப்படித்தான். இதை நான் அவரைக் குறை சொல்ல எழுதல, அவரே படிச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்பச் சொன்னாரு.

மேல ரெண்டு நாளும் சந்தோஷமா இருந்தோம். எங்க மாமியாருக்கு 68 வயசு, பழனி மலையைத் தவிர வேற மலையே ஏறுனதில்ல. குறிஞ்சி ஆண்டவர் கோயில்ல காலையில மூடுபனி கொஞ்சம் விலகுனப்ப, அதோ தெரியுது பாருங்கம்மா பழனின்னு அங்க இருந்தவரு கையைக் காட்டவும், அவங்க அப்படியே செருப்பைக் கழட்டிட்டு வெறும் தரையில நின்னு அரோகரா சொல்லி கும்பிட்டாங்க, கண்ணுல தண்ணி வந்துருச்சு. வருஷா வருஷம் கீழ இருந்து அண்ணாந்து பாத்து கும்பிட்ட சாமியை இப்பக் குனிஞ்சு பாக்கறேனேன்னு சொன்னாங்க. கோக்கர்ஸ் வாக்ல பிள்ளைங்க மேகத்தைக் கையில பிடிக்க ஓடுச்சுங்க, ஏரியில படகு, சைக்கிள், பூம்பாறை போற வழியில ரோட்டோரம் இலையோட விக்கிற கேரட்டு, எல்லாம் ஆச்சு. அந்த ஏரி 1863-ல மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்சுங்கற வெள்ளைக்காரர் கட்டுனதாம், அதுவரைக்கும் அது வெறும் சதுப்பு நிலம்னு பையன் படிச்சுச் சொன்னான். அந்தக் காலத்துல பெரியகுளம் பக்கம் இருந்து நடந்தும் டோலி கட்டியும்தான் மேல வந்திருக்காங்க. இப்ப நாம ஏசி போட்டுட்டு சில மணி நேரத்துல வந்துடறோம், அதனாலயே அது எவ்வளவு உயரம்னு நம்ம மனசுல பதிய மாட்டேங்குது.

ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுட்டு ரெண்டரை மணிக்குக் கிளம்புனோம். திங்கக்கிழமை காலையில கடை திறக்கணும், ராத்திரிக்குள்ள வீடு போய்ச் சேரணும்னு எல்லாருக்கும் ஒரு அவசரம். பெருமாள்மலை வரைக்கும் வண்டி நகரவே இல்ல, மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்தோம், அந்த இடத்துல எல்லாம் இவரு நியூட்ரல்ல போட்டுட்டு பிரேக்கை மட்டும் மிதிச்சுட்டே வந்தாரு, டீசல் மிச்சம்னு ஒரு நினைப்பு. அதுக்கப்புறம் ரோடு கொஞ்சம் காலியாகவும் மூணாவது, நாலாவது கியர்ல, ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக், வளைவு முடிஞ்சதும் வேகம், மறுபடி பிரேக். பின்னாடி பிள்ளைங்க பாட்டுப் போட்டுட்டு வந்துச்சுங்க.

ஊத்துங்கற ஊரைத் தாண்டி கொஞ்ச தூரம் வந்திருப்போம். மாமியார் ஜன்னலை இறக்கி வச்சிருந்தாங்க, அவங்களுக்கு ஏசி ஆகாது. ஏத்தா, ஏதோ தீயுதுன்னாங்க. நான்தான், முன்னாடி போற லாரியா இருக்கும் அத்தைன்னு சொன்னேன். ரெண்டு வளைவு கழிச்சு மறுபடி சொன்னாங்க, இல்லத்தா நம்ம வண்டிதான், ரப்பர் தீயுற வாடைன்னு. அப்பவும் நாங்க நிறுத்தல. இந்த இடத்தை நினைச்சா இப்பவும் எனக்கு வயித்தைக் கலக்குது. ரெண்டு தடவை சொன்னாங்க ஐயா, ரெண்டு தடவையும் கேட்டுட்டு சும்மா இருந்தோம்.

அடுத்த வளைவுக்கு முன்னால இவரு பிரேக்கை மிதிச்சாரு, கால் உள்ள போய்க்கிட்டே இருந்துச்சு. நான் முன் சீட்டுல பக்கத்துலதான் இருந்தேன், அவரு கால் தரையில போய் ஒட்டுறதை என் கண்ணால பாத்தேன். மெத்தையை மிதிக்கற மாதிரி இருந்துச்சுன்னு அப்புறம் சொன்னாரு. வண்டி நிக்கல. மறுபடி மறுபடி மிதிச்சாரு, கொஞ்சமா பிடிச்ச மாதிரி இருந்துச்சு, மறுபடி விட்டுருச்சு. எனக்கு சத்தமே வரல. பின்னால இருந்து பையன் அப்பா கியரு, கியருன்னு கத்துனான். அவரு மூணுல இருந்து ரெண்டுக்கு இழுத்தாரு, இன்ஜின் ஒரு ஓலம் போட்டுச்சு பாருங்க, வண்டி எல்லாரையும் முன்னால தூக்கித் தள்ளுச்சு, அப்படியே ஹேண்ட்பிரேக்கை கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, ஒண்ணாம் கியருக்குக் கொண்டு வந்து, மலைப் பக்கமா மண் திட்டு இருந்த இடத்துல உரசி நிறுத்துனாரு. அந்தப் பக்கம் பள்ளம். எவ்வளவு ஆழம்னு நான் எட்டிப் பாக்கல.

கீழ இறங்குனா முன் சக்கரம் ரெண்டுலயும் புகை. வெள்ளையா, சாம்பிராணி போட்ட மாதிரி. நாத்தனாரு மக கேன்ல இருந்த தண்ணியை எடுத்து ஊத்தப் போனா. அப்பதான் பின்னாடியே வந்த வேன் ஒண்ணு நின்னுச்சு, அதுல இருந்தவரு, பாப்பா ஊத்தாத ஊத்தாதன்னு கத்திக்கிட்டே ஓடி வந்தாரு. பூம்பாறைப் பக்கத்துல இருந்து வடுகபட்டி சந்தைக்குப் பூண்டு ஏத்திட்டுப் போறவரு. வந்த உடனே ஒரு வார்த்தை பேசல, ரோட்டோரம் கிடந்த கல்லைத் தூக்கி பின் சக்கரத்துக்கு ஒண்ணு முன் சக்கரத்துக்கு ஒண்ணு முட்டுக் குடுத்தாரு. அப்புறம் இவரைப் பாத்து, தம்பி ஹேண்ட்பிரேக்கை விட்டுருங்க, சூட்டுல ஒட்டிக்கும், ரிவர்ஸ் கியர்ல போட்டு வையுங்கன்னாரு. கொதிக்கற தகட்டுல பச்சைத் தண்ணியை ஊத்துனா வெடிச்சுரும், கோணிக்கும், காத்துலயே ஆறட்டும்னாரு. பிள்ளைகளை எல்லாம் ரோட்டை விட்டுத் தள்ளி மலைப்பக்கம் உக்கார வச்சாரு. எங்க மாமியாரைப் பாத்து, நீங்கதாம்மா சரியாச் சொன்னீங்களாமே, அந்த வாடைதான் மலையில மொத எச்சரிக்கைன்னாரு.

முக்கால் மணி நேரம் எங்களோடயே நின்னாரு. சந்தைக்குப் போற லோடை வச்சுக்கிட்டு. அந்த முக்கால் மணி நேரத்துல அவரு சொன்னதுதான் ஐயா பாடம், 20 வருஷ லைசென்ஸ்ல கிடைக்காத பாடம். முதல்ல சொன்னது இது: எந்த கியர்ல ஏறுனீங்களோ அந்த கியர்லதான் இறங்கணும். ரெண்டுல ஏறுன ஏத்தத்தை ரெண்டுலதான் இறங்கணும். வண்டியைப் பிடிச்சு வைக்கற வேலை இன்ஜினோடது, பிரேக்குக்கு வளைவுல மட்டும்தான் வேலை, அதையும் காலை வச்சு அமுக்கிக்கிட்டே வரக்கூடாது, நல்லா மிதிச்சு வேகத்தைக் குறைச்சு விட்டுரணும், விட்ட நேரத்துல அது ஆறிக்கும். நியூட்ரல் ஆகவே ஆகாது. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு உருட்டுறது அதைவிட மோசம், பிரேக் கல்லு மாதிரி இறுகிரும், ஸ்டியரிங் திரும்பாது. வளைவுல ஹாரன். மேல ஏறி வர்ற வண்டிக்கு இறங்குற வண்டிதான் ஒதுங்கி வழி விடணும், ஏறுறவன் ஒரு தடவை நின்னுட்டா எடுக்கறது கஷ்டம். (இது அவரு பழக்கத்துல சொன்னது, ஆனா ரோடு சட்டத்துலயே அப்படித்தான் இருக்குன்னு அப்புறம் தெரிஞ்சுக்கிட்டோம்.) கியர் மாத்தத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் வண்டியிலயும் எல், இல்லன்னா எம்முன்னு போட்டு கியரைக் குறைச்சுப் பிடிக்க வழி இருக்கு, நிறைய பேருக்கு தன் வண்டியில அது இருக்கறதே தெரியாதுன்னாரு.

அப்புறம் அவரே எங்களுக்கு முன்னால போனாரு, அவரு பின்னாடியே ரெண்டாவது கியர்ல டம்டம் பாறை தாண்டி அடிவாரத்துல காட்ரோடு வரைக்கும் இறங்குனோம். பிரேக்கை எண்ணி எண்ணித்தான் மிதிச்சாரு இவரு. வழியில தலையாறு அருவி வெள்ளிக் கோடு மாதிரி தெரிஞ்சுச்சு, போகும்போது நின்னு போட்டோ எடுத்த இடம், திரும்பும்போது யாரும் வாயைத் திறக்கல. காட்ரோட்டுல டீ குடிக்கக் கூப்பிட்டோம், சந்தைக்கு நேரமாச்சுன்னு கையைத் தூக்கிட்டுப் போயிட்டாரு. பேரு கூடக் கேக்கல. பூண்டு வாடை வந்தா இப்ப எனக்கு அவரு ஞாபகம்தான்.

ஊருக்கு வந்ததும் எங்க மெக்கானிக்கிட்ட காட்டுனோம். பிரேக் பேடு தேஞ்சு, கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆயிருந்துச்சு. பிரேக் ஆயில் கருப்பா இருந்துச்சு, வாங்குன நாள்ல இருந்து மாத்தவே இல்ல. டூர் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல காசு கட்டி சர்வீஸ் விட்டோம், கொடைக்கானல் போறோம்னும் சொன்னோம், இதை யாரும் பாக்கல. மெக்கானிக் சொன்னாரு, பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்குமாம். புது ஆயில் 200 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும், ஈரம் சேர்ந்த பழைய ஆயில் 140, 150 டிகிரியிலயே கொதிச்சுரும். கொதிச்சா உள்ள குமிழி வரும், பெடலை மிதிச்சா அந்தக் குமிழிதான் அமுங்கும், சக்கரத்துக்கு அழுத்தம் போய்ச் சேராது. அந்த மெத்தை மாதிரி இருந்தது அதுதான். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், சில நூறு ரூபா வேலை.

பையன் ஒரு நோட்டை எடுத்து கணக்குப் போட்டான். ஆளும் சாமானுமா ரெண்டு டன் வண்டி, கொடைக்கானல்ல இருந்து அடிவாரம் வரைக்கும் சுமாரா 1,800 மீட்டர் இறக்கம். அந்த இறக்கம் முழுக்க வர்ற சக்தியை பிரேக்கே வாங்குனா, 100 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கற சூடும்மான்னான். ரெண்டு குடம் இல்ல, அஞ்சாறு குடம் தண்ணி. அந்தச் சூட்டை நாலு தட்டும் உள்ளங்கை அகலப் பட்டையும் தாங்கணும்னு நாங்க எதிர்பாத்திருக்கோம். இன்னொண்ணும் சொன்னான், இப்ப வர்ற வண்டியில கியர்ல இறங்கி ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டா டீசல் போறதே நின்னுருமாம், நியூட்ரல்ல விட்டாத்தான் இன்ஜின் ஓடறதுக்கு டீசல் குடிக்குமாம். மிச்சம் பிடிக்கறதா நினைச்சு செலவும் பண்ணியிருக்கோம், உசுரையும் வச்சு விளையாடியிருக்கோம்.

ஆசிரியர் ஐயா, நான் கேக்கறது பெரிய செலவு பிடிக்கற விஷயம் இல்ல. மலைக்கு வர்ற ஒவ்வொரு வண்டிக்காரரோட போன் நம்பரும் இ-பாஸ் மூலமா அரசாங்கத்துக்கிட்ட இருக்கு. என்னைக்குத் திரும்புறாருன்னும் அவரே எழுதிக் குடுத்திருக்காரு. அந்த பாஸ்ல கியூஆர் கோடுக்குக் கீழ நாலு வரி தமிழ்ல போடுங்க: ஏறின கியரிலேயே இறங்குங்க, நியூட்ரல்ல விடாதீங்க, பிரேக்கை அமுக்கிக்கிட்டே வராதீங்க, தீயற வாடை வந்தா நிறுத்தி, தண்ணி ஊத்தாம ஆற விடுங்க. திரும்புற நாள் காலையில அதையே ஒரு மெசேஜா அனுப்புங்க. கேரளாவுல இருந்தும் கர்நாடகாவுல இருந்தும் வர்றவங்களுக்கு அவங்க பாஷையில அனுப்புங்க. பாட்டில் இருக்கான்னு குனிஞ்சு பாக்குற தம்பி, நிமிரும்போது இதை ஒரு வார்த்தை வாயாலயும் சொல்லட்டும். நீலகிரியில கல்லட்டி பாதையில 36 கொண்டை ஊசி வளைவு, அங்க எத்தனையோ விபத்து நடந்த பிறகு, வெளியூர் வண்டியைக் கீழ இறங்க விடாம போலீஸ் தடுக்கறாங்க. எல்லா ரோட்டுலயும் அப்படித் தடுக்க முடியாது, ஆனா சொல்ல முடியும்ல.

போர்டு இருக்குன்னு சொல்லுவாங்க. இருக்கு, நானே அப்புறம் யோசிச்சுப் பாத்தேன், ரெண்டு மூணு பாத்த ஞாபகம். ரிசார்ட் விளம்பரத்துக்கும் சாக்லேட் கடை விளம்பரத்துக்கும் நடுவுல, மரக்கிளை மறைச்சு, பேருக்கு நிக்குது. பெருமாள்மலையில டிராபிக்ல வண்டி நிக்கற இடத்துல வையுங்க, அங்க அரை மணி நேரம் எல்லாரும் சும்மாதான் உக்காந்திருக்கோம், எழுத்துக் கூட்டியாவது படிப்போம். அப்படியே இறக்கத்துல ரெண்டு மூணு இடத்துல வண்டியை ஒதுக்கி ஆற விடறதுக்குன்னு ஒரு திடல், கூடவே பொம்பளைங்களுக்கு ஒரு கழிப்பறை இருந்தா அங்க தானா நிப்பாங்க. இப்ப நிறுத்த இடம் இல்லாததாலயே எத்தனையோ பேரு வாடை வந்தும் போய்க்கிட்டே இருக்காங்க.

இதைப் படிக்கற பொம்பளைங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். நமக்கு வண்டி ஓட்டத் தெரியாம இருக்கலாம், மூக்கு இருக்கு. வாடை வருதுன்னா நிறுத்தச் சொல்லுங்க, அவரு கேக்கலன்னா சத்தம் போடுங்க. வீட்டுல பெரியவங்க சொன்னா தட்டிக் கழிக்காதீங்க, நான் கழிச்சேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கிளம்பி ராத்திரிக்குள்ள வீடுன்னு திட்டம் போடாதீங்க, காலையிலயே இறங்கிருங்க, இல்ல வத்தலக்குண்டுலயோ பெரியகுளத்துலயோ ஒரு ராத்திரி தங்கிட்டுப் போங்க.

2006-ல பூத்து 2018-ல பூத்த குறிஞ்சி அடுத்து 2030-ல பூக்கப் போகுது. அந்த வருஷம் இதுவரைக்கும் மலையையே பாக்காத ஜனம் எல்லாம் காரை எடுத்துட்டு வரும். எங்க மாமியார், இவ்வளவு நடந்த பிறகும், குறிஞ்சியைப் பாக்க என்னைக் கூட்டிட்டுப் போகணும்னு இப்பவே சொல்லி வச்சுட்டாங்க, முன் சீட்டு எனக்குத்தான்னும் சொல்லிட்டாங்க. கண்டிப்பா போவோம். பாஸ் எடுத்ததும் கீழ அந்த நாலு வரி இருக்கான்னுதான் முதல்ல பாப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அருப்புக்கோட்டை.